நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யக் கொடுப்போர் கவனத்திற்கு

1994இல் நடந்த என் அக்காவின் திருமண நெகட்டிவ்களை, சென்னையிலுள்ள ஒரு புகைப்பட நிலையத்தில் ஸ்கேன் செய்யக் கொடுத்து ஏமாந்தேன். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்து வண்ணம் திருத்துவதாகச் சொல்லித்தான் கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். வந்த படங்களிலோ மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பே தெரியாத வெள்ளைத் திட்டாக இருந்தது. வாழைமரம் கட்டிய பந்தல் வாசலில் நின்றவர்களின் முகங்கள் கருஞ்சிவப்பாகவும், அரக்குக் கூறைப்புடவை நிறைந்திருந்த அடுத்த படத்தில் முகங்கள் நீலப்பச்சையாகவும் இருந்தன.

பிலிம் பழசாகிவிட்டது என்பதே கடைக்காரரின் பதில். பழைய பிலிமில் சாயம் மங்குவது உண்மைதான். ஆனால் ஒரே உறையில் கிடந்த ஒரே சுருள், படத்துக்குப் படம் வேறு வேறு நிறமாக மங்காது. படத்தில் எந்த நிறம் மிகுந்திருக்கிறதோ அதைக் குறைத்துச் சமன்செய்யும் தானியங்கித் திருத்தத்தை அப்படியே ஓடவிட்டிருக்கிறார்கள். வேட்டியின் மடிப்புகளும் எங்கும் போய்விடவில்லை. ஒளிப்பெட்டியில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், நெகட்டிவின் கரிய பகுதியில் அவை தெளிவாகத் தெரிகின்றன.

வண்ண நெகட்டிவின் அடித்தளம் ஆரஞ்சு நிறம் கொண்டது என்பதால், சிவப்பு ஒளி அதைத் தாராளமாகக் கடக்கும், நீல ஒளி குறைவாகவே கடக்கும். ஸ்கேனரின் எக்ஸ்போஷரை, அதாவது அது பதிவு செய்யும் ஒளியின் அளவை, கூட்டினால் சிவப்பு முதலில் உச்சத்தைத் தொட்டு நிழற்பகுதிகள் அழியும். குறைத்தால் நீலத்தில் இரைச்சல் எனப்படும் புள்ளிகள் ஏறும். ஆகவே இரண்டு படங்களுக்கு இடையே உள்ள, ஒளி படாத வெற்றுப் பகுதியை அளந்து, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வண்ணங்களும் உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி தனித்தனியாக எக்ஸ்போஷரை அமைத்து, சுருள் முழுவதற்கும் அதையே மாற்றாமல் வைக்க வேண்டும். அனுபவமுள்ள நண்பர் ஒருவர் அதே நெகட்டிவ்களை இவ்வாறு, நிற நுணுக்கங்களை இழக்காமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் (TIFF) கோப்புகளாக எடுத்துத் தந்தபோது மடிப்புகளும் வந்தன, அரக்கும் அரக்காகவே வந்தது.

தாத்தாவின் கருப்பு வெள்ளை நெகட்டிவ்களுக்குச் செய்ததுதான் கொடுமை. அவற்றில் படமாக இருக்கும் வெள்ளித்துகள், தூசியைப் போலவே அகச்சிவப்பு ஒளியை மறைக்கும் என்பதுகூடத் தெரியாமல், அகச்சிவப்பைக் கொண்டு தூசியைக் கண்டறியும் வசதியை இயக்கியிருக்கிறார்கள். அது கண்களையும் மீசையையும் தூசி என்று எண்ணி மெழுகிவிட்டது.

பணத்தைத் திருப்பித் தரவில்லை. அதே இயந்திரத்தில் மறுபடி ஸ்கேன் செய்து தருவதாக மட்டும் சொன்னார்கள். நீங்கள் கொடுப்பதாக இருந்தால், பச்சை மிகுந்த படமும் சிவப்பு மிகுந்த படமும் அடுத்தடுத்து வரும் ஒரு துண்டை மட்டும் முதலில் கொடுங்கள். இரண்டிலும் முகத்தின் நிறம் ஒன்றாக வராவிட்டால் மீதியைக் கொடுக்காதீர்கள்.