குருவா, கூட்டாளிகளா? கதை எழுதத் தொடங்குகிறவருக்கு யார் துணை

என் முதல் சிறுகதைத் தொகுப்பைக் கையில் வாங்கிய பலரும் முதலில் புரட்டியது முன்னுரைப் பக்கத்தைத்தான். "யார் எழுதியிருக்கா?" என்று கேட்டார்கள். யாரும் எழுதவில்லை. அந்தக் கதைகளை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. என் கதைகள் சிலவற்றைப் படித்து, வீட்டுக்கு வரச்சொல்லிப் பேசிய ஒரு மூத்த எழுத்தாளரின் பக்கத்திலேயே இருந்து கற்றுக்கொள்வது ஒன்று. திண்டுக்கல்லில் என்னைப் போலவே பெயர் தெரியாத மூன்று பேரோடு உட்கார்ந்து, ஒருவர் கதையை மற்றவர்கள் படித்துத் திருத்துவது இன்னொன்று. நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். திறமை இருக்கிற புதியவருக்கு முதலில் வேண்டியது கூட்டாளிகள்தான் என்று இன்றும் நினைக்கிறேன். குரு கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குடி முழுகிப் போகாது.

மூத்த எழுத்தாளரால் கிடைக்கும் வெளிப்படையான நன்மைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஒரு பதிப்பாளரிடம் அவர் சொன்னால் கையெழுத்துப் பிரதியைப் பிரித்துப் பார்ப்பார்கள். இதழாசிரியருக்கு ஒரு ஃபோன் போகும். எதைப் படிக்க வேண்டும், எதை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்று சொல்வார். இதில் மறுக்க ஒன்றும் இல்லை.

அவரால் மட்டுமே தர முடிந்த இன்னொன்றும் இருக்கிறது. 1886-இல் ருஷ்ய எழுத்தாளர் கிரிகோரோவிச் இளைஞர் செகாவுக்கு எழுதிய கடிதத்தை நினைத்துப் பாருங்கள். செகாவுக்கு அப்போது 26 வயது. மருத்துவம் படித்து முடித்தவர், குடும்பச் செலவுக்காகப் புனைபெயரில் வேடிக்கைக் கதைகளை அவசர அவசரமாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். உன்னிடம் இருப்பது உண்மையான திறமை, அதற்கு மரியாதை கொடு, அவசரப்படாதே என்று அறுபதைத் தாண்டிய ஒருவர் முன்பின் தெரியாத இளைஞருக்கு எழுதினார். செகாவ் தன் எழுத்தைத் தானே மதிக்கத் தொடங்க அந்தக் கடிதம் ஒரு காரணமாக இருந்தது. இதை என் கூட்டாளிகளால் எனக்குத் தந்திருக்க முடியாது. நண்பர்கள் "நல்லா எழுதுற" என்றால் பாதிதான் நம்புவோம். மூத்தவர் சொன்னால் இரவு தூக்கம் வராது.

ஆனால் அது ஒரு கடிதம். இந்த அலசலில் நான் எடை போடுவது அதற்குப் பிறகு வருவதைத்தான்: இரண்டாவது வரைவை யார் படிப்பார்கள்?

முதல் வரைவைப் படிக்க ஆள் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. மூத்தவர் படிப்பார், ஆசிரியர் படிப்பார், வீட்டில்கூடப் படிப்பார்கள். "முடிவு கொஞ்சம் இழுக்குது, பாருங்க" என்று ஒரு நல்ல வாசகர் சொல்வார். நாம் போய் மாற்றி எழுதுவோம். மாற்றியதில் முடிவு சரியாகியிருக்கும், ஆனால் நடுவில் ஏதோ உடைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க, முதல் வரைவை நினைவில் வைத்திருக்கும் அதே ஆள் திரும்பவும் முழுதாகப் படிக்க வேண்டும். அப்புறம் மூன்றாவது வரைவு. ஒரு சிறுகதை கதையாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது, மூன்றாவது வரைவுகளில்தான். ஒரே ஆளிடம் ஒரே கதையை மூன்று தடவை கொடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூத்த எழுத்தாளரிடம் அந்த உரிமை நமக்குப் பெரும்பாலும் இருக்காது. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு எழுத வேண்டிய நாவல் இருக்கிறது, கூட்டங்கள் இருக்கின்றன, நம்மைப் போல நூறு பேர் அனுப்பிய கதைகள் வரிசையில் நிற்கின்றன. நான் பார்க்கப் போனவர் தாராள மனசுக்காரர். முதல் கதையை வரிவரியாகப் படித்தே பேசினார். திருத்தி எழுதிய அதே கதையைத் திரும்ப நீட்ட எனக்குத்தான் கை வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. புதிதாக ஒன்று எழுதினால் கொண்டுவாருங்கள் என்றார். இந்த ஏற்பாட்டில் நாம் புதிது புதிதாக எழுதிக்கொண்டே போவோம், எதையும் முடிக்க மாட்டோம்.

"பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளாபேர் இளைஞர் மாப்பசானுக்குச் செய்யவில்லையா?" என்று கேட்பீர்கள். செய்தார். என் வாதத்துக்கு எதிரே நிற்கும் மிக வலுவான உதாரணம் அதுதான். பல ஆண்டுகள் மாப்பசானின் முயற்சிகளைப் படித்தார், திருத்தினார், அவசரப்பட்டு அச்சுக்குக் கொடுக்காதே என்று தடுத்தார். 1880-இல் மாப்பசான் தன் பெயரை நிலைநிறுத்திய கதையை வெளியிட்டபோது ஃப்ளாபேர் அதை மனமாரப் பாராட்டினார். அதே ஆண்டு மே மாதம் இறந்துபோனார். ஆனால் அந்த உறவு எப்படி வந்தது? மாப்பசானின் தாய்மாமன் ஃப்ளாபேரின் இளம்பருவத்து உயிர் நண்பர், சின்ன வயதிலேயே இறந்தவர். தாயும் பழைய சிநேகிதி. அந்தப் பாசம்தான் பையன் மேல் இறங்கியது. குடும்பத்தில் ஒருவரைப் போல வந்த குருவை யாரும் தேடிப் போய்ப் பெற முடியாது.

நம் ஊர்க் கதை இதைவிடச் சுவையானது. கும்பகோணத்தில் கு.ப. ராஜகோபாலனைச் சுற்றி எழுத ஆசைப்பட்ட இளைஞர்கள் கூடினார்கள். தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு மூவரும் அதில் உண்டு. கு.ப.ரா. மூத்தவர், பெயர் பெற்றவர், அவர்களுக்கு ஆதர்சம். ஆனால் 1944-இல், 42 வயதில், அவர் போய்விட்டார். அந்த மூவரில் யாருக்கும் அப்போது 25 வயதுக்கு மேல் இல்லை. அவர்களுடைய பெரிய எழுத்தெல்லாம் அதன் பிறகு வந்தது. குரு தொட்டுவைத்துப் போனார் என்று சொல்லலாம், நான் மறுக்க மாட்டேன். ஆனால் பிறகு வந்த ஆண்டுகளில் அவர்களுக்கு மிஞ்சியது ஒருவருக்கொருவர்தான் என்பதை ஏன் யாரும் அழுத்திச் சொல்வதில்லை?

கோவில்பட்டி பக்கத்து இடைசெவல் கிராமத்தையும் பாருங்கள். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒரே ஊர், 1923-இல் பிறந்த ஒரே வயதுக்காரர்கள். அழகிரிசாமி சென்னைக்குப் போய் எழுத்தையே பிழைப்பாக்கிக்கொண்டார். ராஜநாராயணன் கரிசல் காட்டில் விவசாயம் பார்த்துக்கொண்டு, முப்பதைத் தாண்டிய பிறகுதான் கதை எழுத வந்தார். ரசிகமணி டி.கே.சி. போன்ற பெரியவர்களின் அருகாமையும் அவர்களுக்குக் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அந்த நட்பை வருஷக்கணக்காகச் சூடாக வைத்திருந்தவை இருவருக்கும் இடையில் நடந்த பேச்சும் கடிதங்களும்தான். 1970, 80-களில் கோவில்பட்டியில் இருந்து அத்தனை எழுத்தாளர்கள் புறப்பட்டதற்கும் ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே வயதில், ஒரே புத்தகத்தைக் கைமாற்றிப் படித்துச் சண்டை போட்ட ஒரு கூட்டம் இருந்தது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, எங்கள் கூட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியை, நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். ஒருவர் மின்வாரியத்தில் கணக்குப் பார்ப்பவர். இன்னொரு தம்பி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டு மாடியில் கூடுவோம். எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது, வேறொருவர் உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடிந்து மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. "நான் என்ன நினைச்சேன்னா" என்று ஆரம்பித்தால் அக்கா கையை உயர்த்திவிடுவார். கதையில் இல்லாததை வாயால் விளக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

வேறொருவரை உரக்கப் படிக்கச் சொல்வது தமிழ்க் கதைக்கு ரொம்ப முக்கியம். நம் கதைகளில் விவரிப்பு எழுத்துத் தமிழில் ஓடும், பேச்சு வட்டார வழக்கில் ஓடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கதை தடுக்கும். கண்ணால் படிக்கும்போது தெரியாது. தம்பி படிக்கும்போது ஓர் இடத்தில் நாக்கு புரளும், அங்கே நிறுத்தி, "இந்த அம்மா இப்படிப் பேசாதுண்ணே" என்பான். அவ்வளவுதான். அந்த அம்மா பூ தொடுக்கிறவர். அவர் பேச்சை அவன் தினமும் காலை நான்கு மணிக்குக் கேட்கிறவன். நாகர்கோவிலில் அல்லது சென்னையில் இருக்கும் ஒரு பெரிய எழுத்தாளருக்கு, அவர் எவ்வளவு மேதையாக இருந்தாலும், இந்தப் பிசகு காதில் விழ வாய்ப்பு குறைவு.

ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றிய என் கதை ஒன்று. முதல் வரைவைப் படித்ததும் மின்வாரிய நண்பர் இரண்டாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "கதை இங்கேதான் தொடங்குது" என்றார். மேலே இருந்தது முழுக்க வெயில் வர்ணனை. வெட்டினேன். இரண்டாவது வரைவு வந்தபோது அக்கா, வெயில் போனதோடு அந்தப் பெண் எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்பதும் போய்விட்டது, அதனால் கடைசியில் அவளுக்கு வரும் கோபம் திடீரென்று தெரிகிறது என்றார். இதை முதல் வரைவைப் படிக்காத ஒருவரால் சொல்லவே முடியாது. மூன்றாவது வரைவில் நேரம் திரும்ப வந்தது, வெயில் ஒரு வரியில் அடங்கியது. தொகுப்பில் வாசகர்கள் அதிகம் பேசுவது இந்தக் கதையைப் பற்றித்தான். இரண்டாம் வரைவோடு நான் அதை ஒரு மூத்தவரிடம் கொண்டுபோயிருந்தால், "கடைசியில் ஏதோ குறையுது" என்று சரியாகவே சொல்லியிருப்பார். எங்கிருந்து குறைந்தது என்று சொல்ல அவருக்கு வழி இல்லை.

கூட்டாளிகளிடமும் ஆபத்து உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி எழுதத் தொடங்கிவிடலாம். பழக்கத்தில் இரக்கம் காட்டத் தொடங்கலாம். பொறாமையும் வரும், வந்தது. ஆனால் சமவயதுக்காரரின் பேச்சை மறுக்க முடிகிறது. "இல்லக்கா, அது அப்படியேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமும் அதே மாடிக்குப் போகலாம். மூத்தவர் சொன்ன திருத்தத்தை ஏற்காமல் அடுத்த தடவை அவர் முன்னால் போய் உட்கார எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அந்தத் தயக்கத்தில்தான் ஒரு புதியவரின் மொழி கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய குருவின் மொழியாக மாறுகிறது. திறமைசாலிக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அவர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறவர்.

மூத்த எழுத்தாளர் வேறு விதமாக உதவ முடியும் என்பதற்கு சி.சு. செல்லப்பாவைச் சொல்வேன். 'மணிக்கொடி' இதழில் எழுதியவர், 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி 1970 வரை பெரும் கஷ்டத்தில் நடத்தினார். சி. மணி, பிரமிள், பசுவய்யா என்று வேறு எங்கும் இடம் கிடைக்காத கவிதைகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. வீட்டுக்கு வரவழைத்துத் திருத்துவதைவிட, பக்கங்களைத் திறந்து வைப்பது பெரிய உதவி. க்ரியா பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் போன்ற பதிப்பாசிரியரையும் இங்கே நினைக்க வேண்டும். பூமணியின் முதல் நாவல் 1979-இல், இமையத்தின் முதல் நாவல் 1994-இல், இரண்டும் க்ரியா வெளியீடுகள். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டால் முடியும்வரை விடாமல் அதோடு உட்காரும் பதிப்பாசிரியர் கிடைத்தால் நான் குருவையும் கூட்டாளிகளையும் விட்டுவிட்டு அவரிடம் ஓடுவேன். அப்படிப்பட்டவர்கள் தமிழில் மிகக் குறைவு. பெரும்பாலான பதிப்பகங்களில் இன்று பிழை திருத்தமே எழுதியவர் பொறுப்பு.

யாருடைய துணையும் இல்லாமல் கிண்டிலிலோ செயலிகளிலோ நேராக வெளியிடுவது மூன்றாவது வழி. அங்கே வாசகர் உடனே கிடைக்கிறார், இரண்டாவது வரைவு யாருக்கும் தேவைப்படுவதில்லை. அதனாலேயே அதைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை.

நான் சொல்வதெல்லாம் சிறுகதைக்கு. நாவலை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உரக்கப் படித்து முடிக்க முடியாது. அங்கே முழுக் கட்டுமானத்தையும் ஒரே பார்வையில் பிடிக்கும் அனுபவசாலி ஒருவர் தேவைப்படலாம். நான் நாவல் எழுதியதில்லை. கவிதையில் நாலு பேர் கருத்து சொன்னால் கவிதை மிஞ்சுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் புத்தகமே இல்லாத, பேச ஒருவர்கூட இல்லாத கிராமத்தில் இருந்து முதல் தலைமுறையாக எழுத வரும் ஒரு பெண்ணிடம் போய் "கூட்டாளிகளைத் தேடு" என்று நான் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதி கேட்பதே அவளுக்குப் பெரிய பாடு. அவளுக்கு ஒரு மூத்த எழுத்தாளரின் பதில் கடிதம் வீட்டாரிடம் காட்டும் சான்றாகவும் ஆகும். அப்படிப்பட்டவர்களுக்கு நேரம் ஒதுக்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். வாட்ஸாப்பில் குரல் பதிவாகக் கதையைப் படித்து அனுப்பிக் கூட்டம் நடத்தும் சிலரையும் தெரியும். அது நேர்க் கூட்டத்துக்கு ஈடாகுமா என்று சொல்லும் அளவுக்கு நான் அதில் இருந்ததில்லை.

மற்றவர்கள் உங்கள் ஊரில் தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கிளைக் கூட்டமோ, நூலக வாசகர் வட்டமோ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே உங்களைப் போல எழுதிப் பார்க்கிற இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களோடு ஒரு கதையை மூன்று வரைவு வரை கொண்டுபோங்கள். அதன் பிறகும் ஒரு மூத்தவர் படிக்க வேண்டும் என்று தோன்றினால், அந்த ஒரு கதையை மட்டும் அனுப்புங்கள். கூடவே உங்களுக்கு விடை தெரியாத ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "ஏழாம் பக்கத்தில் அண்ணன் திரும்பி வருவதை நம்ப முடிகிறதா?" என்று கேளுங்கள். அதற்கு அவரால் பத்து நிமிஷத்தில் பதில் எழுத முடியும்.