டெஸ்ட் கோடுக்கும் சைன்-கம்பேர் வார்னிங் வேண்டும்

சி மொழியில் எழுதிய நூலகம் ஒன்றுக்கு வரும் மாற்றங்களை ரிவ்யூ செய்வது என் வேலை. அதில் நான் பெரிதும் நம்பும் கருவி ஜிசிசி கம்பைலரின் சைன்-கம்பேர் வார்னிங். சைன்டு எண்ணையும் (நெகட்டிவாகவும் இருக்கலாம்) அன்சைன்டு எண்ணையும் (நெகட்டிவாக இருக்க முடியாது) ஒப்பிட்டு விடை தவறக்கூடிய இடங்களை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் டெஸ்ட் ஃபோல்டர் என்றதும் "டெஸ்ட்தானே" என்று பலர் இதை அணைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் இது அதிகம் தேவை.

ரீட் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பைட் படித்தது என்று சொல்லும், தோற்றால் -1 தரும். அந்த எண் சைஸ்ஆஃப் பஃபருக்கு, அதாவது படித்ததை வைக்கும் இடத்தின் பைட் அளவுக்கு, குறையாமல் இருக்கிறதா என்று ஓர் அஸெர்ட் (பொய்யானால் டெஸ்டைத் தோற்கடிக்கும் சோதனை) எழுதுகிறோம். சைஸ்ஆஃப் தருவது சைஸ்-டி, அதாவது அன்சைன்டு. ஒப்பிடும்போது -1 கூட அன்சைன்டாக மாறிவிடும். 64 பிட் லினக்ஸில் அது 18446744073709551615. எந்த பஃபரைவிடவும் பெரிய எண்! ஒரு பைட் கூடப் படிக்காமலே டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். வார்னிங் இருந்தால் அந்த வரியிலேயே பிடிபடும். முதலில் எண் 0-க்குக் குறையவில்லை என்று ஓர் அஸெர்ட், அப்புறம் அதை சைஸ்-டி ஆக்கி அளவை ஒப்பிட்டு இன்னொன்று. இப்படித்தான் திருத்தச் சொல்வேன்.

மற்றபடி பெரும்பாலும் ஃபார் லூப்தான் மாட்டும்: இன்ட் ஐ ஒரு பக்கம், அரேயின் அளவு மறுபக்கம். ஐ-யை சைஸ்-டி ஆக்கினால் போதும். லூப் பின்னோக்கி ஓடினால் மட்டும் கவனம், 'ஐ >= 0' எப்போதுமே உண்மையாகிவிடும். வார்னிங்கை அடக்குவதற்காகவே அளவை இன்ட்டுக்கு காஸ்ட் செய்து (டைப்பை வலிந்து மாற்றி) அனுப்பினால் நான் ஏற்பதில்லை.

குறைகளும் உண்டு. சி++ கோடில் கம்பைலருக்கு 'வால்' (-Wall) ஃபிளாக் போட்டாலே இந்த வார்னிங் வந்துவிடும், சி-யில் 'எக்ஸ்ட்ரா' (-Wextra) ஃபிளாக்கும் வேண்டும். இது தெரியாமல், வார்னிங்கே இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. இரண்டு பக்கத்தையும் உள்ளுக்குள் ஒரே டைப்புக்கு காஸ்ட் செய்யும் அஸெர்ட் மேக்ரோக்களிலும் இது வாய் திறக்காது. அவற்றை நாமே திறந்து படிக்க வேண்டும்.

பழைய டெஸ்டுகளில் போட்டால் வார்னிங் மழையாகக் கொட்டும். ஒவ்வொரு ஃபைலாகத் திருத்துங்கள். டைப் மாற்றங்களைத் தனி கமிட்டில் அனுப்புங்கள், வேறு எதையும் கலக்காதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு இந்த ஒரு வார்னிங்கை மட்டும் எர்ரர் ஆக்கிவிடலாம், அதற்கும் ஜிசிசியில் வழி இருக்கிறது.