பொங்கல் அடுப்புக்கு அகேசியாவா, பெத்தாய் பெலாலாங்கா?

பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறை பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி நிலத்தை ரெண்டு வருஷம் கவனிக்காமல் விட்டால் காடாகிவிடும். விறகுக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் அங்கே என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள்.

பெரும்பாலும் அகேசியா மாங்கியம்தான் நிற்கும். உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த அதன் 'இலை' உண்மையில் இலையே இல்லை, தட்டையாகிப்போன காம்பு. நீளவாக்கில் நாலு நரம்பு ஓடும், காய் முறுக்கிச் சுருண்டு தொங்கும். 1966ல் ஆஸ்திரேலியாவிலிருந்து மலேசியாவின் சபா மாநிலத்துக்கு வந்த மரம். பக்கத்திலேயே பெத்தாய் பெலாலாங் இருக்கும், தமிழ்நாட்டில் சவுண்டல் என்பார்கள்: புளிய இலை மாதிரி பொடி இலை, வெள்ளைப் பந்துப் பூ, கொத்துக் கொத்தாய்த் தட்டைக் காய்.

சூட்டில் ரெண்டும் சோடை போகாது. ஆனால் அகேசியா அடிமரம் சீக்கிரம் பருத்துவிடும், மெஷின் வைத்து அறுத்து, பிளந்து, மாதக்கணக்கில் காயவைக்க வேண்டும், அதிலும் சில மரங்களை அறுத்தால் நடுவில் உளுத்துப் போயிருக்கும். பெத்தாய் பெலாலாங் கை பருமனில் இருக்கும்போதே பாராங் கத்தியால் வெட்டிவிடலாம், பிளக்கும் வேலை இல்லை, காய்ந்துவிட்டால் புகையும் சாம்பலும் குறைவு. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைத்து வரும். நிலத்தைச் சுத்தம் பண்ண நினைப்பவருக்கு அது தலைவலி, வருஷா வருஷம் பொங்கல் வைப்பவருக்கு லாபம். என் ஓட்டு இதற்குத்தான்.

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்த என் அத்தை மட்டும் ரப்பர் கட்டையைத் தவிர வேறெதையும் விறகென்றே ஒப்புக்கொள்ளமாட்டார். சரி, நன்றாகத்தான் எரியும், ஆனால் அடுக்கி வைத்தால் வண்டு சீக்கிரம் துளைத்துவிடுமே!

பெத்தாய் பெலாலாங் என்று நினைத்துப் பத்தாய் (batai) என்ற வேறு மரத்தில் ஏமாறாதீர்கள், அதற்கும் பொடி இலைதான். 1974ல் சபாவில் நட்ட ஒன்று 13 மாதத்தில் 10.74 மீட்டர் வளர்ந்ததாம். அந்த வேகத்துக்குக் கட்டையில் கனம் எங்கே இருக்கும்? காய்ந்த துண்டைத் தூக்கினாலே தெரிந்துவிடும், பானை பொங்குவதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். காம்பு குடைக்கம்பி மாதிரி இலையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மாஹாங் மரமும் அப்படித்தான். ரெண்டும் தீ மூட்ட மட்டும்.

ஜூன், ஜூலையில் வெட்டிக் கூரைக்கடியில் போட்டுவிடுங்கள், அக்டோபர் மழையில் நனைந்தால் போச்சு. அப்புறம், வெட்டிய இடத்தில் பால் கசிந்து கறுத்தால் அது ரெங்காஸ் என்ற நச்சுப்பால் மரமாக இருக்கலாம். பட்டால் கொப்புளம் கிளம்பும், அதன் புகையும் ஆகாது, அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.