காத்ர் போர்னா, ரோஸ் ஹில்லா, கியூர்பீப்பா: குழந்தைகளோடு குடியேற எந்த ஊர்?

மொரீஷியஸின் மேட்டுநிலத்தில் வரிசையாக அமைந்துள்ள இந்த மூன்று ஊர்களும் ஏறத்தாழ ஒரே காரணத்தால் வளர்ந்தவை. 1865-இல் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து இப்பக்கம் இரயில் பாதை வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தலைநகரை மலேரியா வாட்டியதால், வசதியுள்ள குடும்பங்கள் குளிர்ந்த மேட்டை நாடிக் குடிபெயர்ந்தன. 1964-இல் அந்த இரயில் முற்றிலும் நின்றுபோனது. இப்போதைய மெட்ரோ பெரும்பாலும் அதே தடத்தில்தான் செல்கிறது. 2020-இல் ரோஸ் ஹில்லையும், 2021-இல் காத்ர் போர்னையும், 2022-இல் கியூர்பீப்பையும் எட்டிவிட்டதால், போக்குவரத்தை மட்டும் வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கும் தேவை குறைந்துவிட்டது.

ரோஸ் ஹில்லைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எபேன் என்ற அலுவலகப் பகுதியில் வேலை செய்வோருக்கு அது மிக அருகில் உள்ளது, கடைகளுக்கும் குறைவில்லை. ஆனால் மையப்பகுதியில் நெரிசல் மிகுதி. குழந்தைகள் ஓடியாட முற்றமுள்ள வீடு கிடைப்பது அரிது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். நான் பிறந்து வளர்ந்தது கியூர்பீப்பில். ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே கோடையில் மின்விசிறியே வேண்டாம். நல்ல பள்ளிகளும், மூங்கில் வேலியிட்ட அமைதியான தெருக்களும் உண்டு. ஆனால் அந்த ஊருக்கு மழைக்காலம், மழை பெய்யும் காலம் என இரண்டே பருவங்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் அலமாரியைத் திறந்தால், அம்மாவின் பட்டுப்புடவை மடிப்புகளில் பூஞ்சணம் சாம்பல் பூத்ததுபோல் படிந்திருக்கும். அதற்காகவே அவர் அலமாரிக்குள் இரவு முழுவதும் ஒரு சிறிய பல்பை எரியவிடுவார். இளைப்புத் தொல்லையுள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

திருமணத்துக்குப் பிறகு நான் வந்து சேர்ந்த காத்ர் போர்னுக்கு, நான்கு கரும்புத் தோட்டங்களின் எல்லைக்கற்கள் சந்தித்த இடம் என்பதால் அந்தப் பெயர் வந்தது. பூக்களின் நகரம் என்ற பட்டம் இருந்தாலும், இன்னமும் இது ஊராகவே நடந்துகொள்கிறது. புதனும் சனியும் காய்கறிச் சந்தை, வியாழனும் ஞாயிறும் துணிச் சந்தை என்ற ஒழுங்கை வைத்தே எங்கள் தெருவில் கிழமையைக் கணக்கிடுகிறோம். தைப்பூசத்தன்று கோர் தெ கார்த் மலையடிவாரத்து முருகன் கோயிலுக்குக் காவடிகள் செல்லும்போது, ஆண்டு முழுவதும் வீட்டில் இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல் மட்டுமே பேசும் பிள்ளைகளும் அரோகரா என்று உரக்கக் கூவுகிறார்கள்; வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவதற்குள் தெருவே ஒரு குடும்பமாகிவிடுகிறது. பள்ளியில் விருப்பப் பாடமாகப் படிக்கும் தமிழுக்கு இதைவிட நல்ல துணை இல்லை என்பது என் எண்ணம். இங்குள்ள மாடிகள் பலவற்றில் கான்கிரீட்டுக்கு மேல் துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். மகனோ மகளோ மேல்தளம் எழுப்பிக்கொள்ளட்டும் என்று பெற்றோர் விட்டுவைத்தவை அவை. எங்கள் வீட்டிலும் எட்டுக் கம்பிகள் காத்திருக்கின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் செயின்ட் ழான் சாலையில் கார் நகராது. மழை தொடங்குவதற்கு முந்தைய வறண்ட வாரங்களில் தண்ணீர் வரும் நேரம் சுருங்கிவிடும் என்பதால், மாடியில் தொட்டி இல்லாத வீட்டை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் என் தேர்வு காத்ர் போர்ன்தான். வயதான பெற்றோருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாத குடும்பங்களுக்கு மட்டும் கியூர்பீப்பைச் சொல்வேன். வீடு பார்க்கச் செல்பவர்கள் கியூர்பீப்புக்கு ஜூலையிலும் காத்ர் போர்னுக்கு நவம்பரிலும் செல்வது நல்லது. முதல் ஊரில் படுக்கையறைச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், இரண்டாவதில் சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள்.