விண்டோஸ் நெட்வொர்க் ட்ரபிள்ஷூட்டர்: ஐபி வராதபோது எவ்வளவு உதவும்?

டாஸ்க்பாரில் நெட்வொர்க் ஐகானை ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும் ட்ரபிள்ஷூட்டரை, ஒரே ஒரு கோளாறுக்கு மட்டும் இங்கே எடை போடுகிறோம்: கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) தானாக வராத கோளாறு. ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண்.

அந்த இரண்டரையும் நியாயமாகச் சம்பாதித்ததுதான். யாரோ கையால் போட்ட பழைய ஐபி அப்படியே கிடந்தால், டிஎச்சிபி (முகவரியைத் தானாக வாங்கித் தரும் முறை) ஆன் செய்யப்படவில்லை என்று கண்டுபிடித்து மாற்றித் தரும். சிக்கிக்கொண்ட நெட்வொர்க் அடாப்டரை ஆஃப் செய்து ஆன் செய்யும். மற்றபடி "சரியான ஐபி கான்ஃபிகரேஷன் இல்லை" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே "சரிசெய்யப்படவில்லை" என்று எழுதிவிடும். அது தெரிந்துதானே கிளிக்கே செய்தோம்!

குறை எங்கே என்றால், அது பெரும்பாலும் கம்ப்யூட்டர் பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. முகவரி வாங்க இரண்டு பேர் வேண்டும். கம்ப்யூட்டர் 'டிஸ்கவர்' அனுப்ப, ரவுட்டர் 'ஆஃபர்' தர, பிறகு 'ரிக்வெஸ்ட்', கடைசியில் 'ஏக்' (ஒப்புதல்). பதிலே வராவிட்டால் விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டுப் பார்க்கும்.

இதற்கு கமாண்ட் ப்ராம்ப்ட்டே மேல். இருக்கும் முகவரியை விட 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்' (ipconfig /release), பிறகு புதிதாகக் கேட்க 'ஐபிகான்ஃபிக் /ரினியூ' (ipconfig /renew) கொடுங்கள். (ரிமோட்டில் இருந்துகொண்டு ரிலீஸ் கொடுக்காதீர்கள், இணைப்பே போய்விடும்.) "மீடியா டிஸ்கனெக்டட்" என்றால் கேபிளையோ வைஃபையையோ பாருங்கள். "டிஎச்சிபி சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்றால் இணைப்பு இருக்கிறது, பதில்தான் வரவில்லை. ட்ரபிள்ஷூட்டர் இந்த இரண்டையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்வதில்லை.

அடுத்து, ரவுட்டர் 192.168.1.1 என்றால், யாரும் பயன்படுத்தாத 192.168.1.240, மாஸ்க் 255.255.255.0 என்று தற்காலிகமாகக் கையால் போட்டு ரவுட்டரை பிங் செய்யுங்கள் (அதிலிருந்து பதில் வருகிறதா என்று பாருங்கள்). பிங் போனால் கேபிளும் டிரைவரும் நலம். அப்போது சந்தேகப்பட வேண்டியவை மூன்று: ரவுட்டரில் டிஎச்சிபி ஆஃப் ஆகியிருப்பது, கம்ப்யூட்டரில் டிஎச்சிபி கிளையன்ட் சர்வீஸ் நின்றிருப்பது, ஆன்டிவைரஸின் ஃபயர்வால் யுடிபி 67, 68 போர்ட்டுகளை மறிப்பது. பிங் போகாவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு டிரைவர். 'netsh int ip reset' என்ற கட்டளை கடைசி ஆயுதம். கையால் போட்ட ஐபி அமைப்புகளை அது துடைத்துவிடும் என்பதால் முதலில் குறித்துவையுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் அவசியம்.

ட்ரபிள்ஷூட்டர் கோட்டைவிடும் இன்னொரு இடம், முகவரி வந்தும் தவறாக வருவது. வைஃபை எட்டவில்லை என்று யாராவது இரண்டாவது ரவுட்டரை வாங்கி, அதன் டிஎச்சிபியை அணைக்காமல் லேன் போர்ட்டில் செருகிவிடுவார்கள். மற்றவர்களுக்கு 192.168.1 வரிசை, உங்களுக்கு மட்டும் 192.168.0 வரிசை. 'ஐபிகான்ஃபிக் /ஆல்' (ipconfig /all) கொடுத்து "டிஎச்சிபி சர்வர்" வரியைப் பார்த்தால் முகவரி தந்தது யார் என்பது தெரிந்துவிடும்.

விருந்தினர் போன்கள் வந்து போகும் கடைகளில் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் ஐபி கிடைக்காது. ரவுட்டரில் முகவரியின் கடைசி எண்ணை 100 முதல் 149 வரை என்று வைத்திருந்தால் மொத்தமே 50 முகவரிகள்தான். லீஸ் (ஒரு முகவரி ஒருவருக்கு ஒதுக்கப்படும் காலம்) 24 மணி நேரம் என்றால் போன் போன பிறகும் அதன் முகவரி அடைபட்டே கிடக்கும். எல்லையை 20 முதல் 239 வரை விரித்து, லீஸை இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள். பிரிண்டருக்கும் கேமராவுக்கும் கையால் போடும் முகவரிகள் இந்த எல்லைக்கு வெளியே இருக்கட்டும்.