உவர் மண் கொல்லையில் வைக்கோல் கட்டுப் பாத்திகள்

நாகப்பட்டினம் கடலோரத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லை உவர் மண் என்பதால், சம்பா அறுவடை முடிந்ததும் இயந்திரம் உருட்டிக் கட்டிப்போடும் வைக்கோல் கட்டுகளை வாங்கி, அவற்றையே மேட்டுப்பாத்திகளாக்கிச் சில ஆண்டுகளாகக் காய்கறி பயிரிட்டு வருகிறோம்.

வைக்கோலில் நேரடியாக நட்ட நாற்று வெளுத்து நின்றுவிடும். நெல் வைக்கோலில் தழைச்சத்தை (நைட்ரஜனை)ப்போல் 60 முதல் 80 மடங்கு வரை கரிமம் (கார்பன்) இருப்பதால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் கிடைக்கும் தழைச்சத்தையெல்லாம் தாமே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே, உருளைக் கட்டைத் தட்டை முகம் மேலே இருக்கும்படி நிறுத்தி, நன்றாக நனைத்து, 46 விழுக்காடு தழைச்சத்துள்ள யூரியாவையோ ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசலையோ ஒன்றுவிட்டொரு நாள் ஊற்றிவர வேண்டும். யூரியா விரைவில் பலன் தரும். ஆனால் மழையில் எளிதாகக் கரைந்தோடிவிடும். நாற்றம் இருந்தாலும் புண்ணாக்கையே நான் பரிந்துரைப்பேன். ஓரிரு வாரங்களில் கட்டின் உட்புறம் கை பொறுக்காத அளவுக்குச் சூடேறித் தணியும். அதன் பிறகே குழி பறித்து, தொழுவுரம் இட்டு நட வேண்டும். அப்போது முளைக்கும் காளான்கள் செடிக்குக் கேடு செய்யாதவை. ஆனால் அவற்றைச் சமைக்கக் கூடாது.

கத்தரி, மிளகாய், தண்டுக்கீரை ஆகியவை மிக நன்றாக வருகின்றன. கட்டு அமிழ அமிழத் தக்காளி சாய்வதால், அதற்கான முட்டுக்கழியைத் தரைவரை இறக்கியே ஊன்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலத்துப் பாத்திகளில் வேர் அழுகும்போதும் கட்டுகளில் நீர் தேங்குவதில்லை என்பதே இம்முறையின் பெருஞ்சிறப்பு. அதே குணம் சித்திரையில் சுமையாகிறது. காலையும் மாலையும் நீர் ஊற்ற வேண்டியுள்ளது. உவர்நீரை ஊற்றினால் வைக்கோலிலும் உப்பு படியும் என்பதால், குளத்து நீரையே சுமந்து ஊற்றுகிறோம்.

ஒரு பருவம் முடிவதற்குள் கட்டு பாதியாக அமிழ்ந்துவிடும். அதன்பின் அது கொல்லை மண்ணின் மேல் பரப்பும் மூடாக்காகிறது. கட்டைச் சுற்றியிருப்பது நைலான் கயிறாக இருந்தால் அதை முழுவதும் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

வைக்கோல் மாட்டுத் தீவனம் என்பதால், நல்ல கட்டுகளை இதற்குச் செலவிட எனக்கு மனமில்லை. மழையில் நனைந்து, மாடு தின்னாத கட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். விலையும் குறைவு, மட்குவதும் விரைவு. வாங்கும்போது, அந்த வயலில் என்ன களைக்கொல்லி தெளித்தார்கள் என்பதையும் விவசாயியிடமே கேட்டுக்கொள்வது அவசியம்.