திருமலையில் தேன் வாங்குதல்: யாரிடம், எந்த மாதம், எப்படிப் பார்த்து

வெளிநாட்டிலிருந்து இலங்கையின் திருகோணமலைக்கு (திருமலைக்கு) வந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் கருவாடு, மிளகாய்த்தூள், பனங்கட்டியோடு இப்போது தேன் போத்தலும் ஏறிவிட்டது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் கடைத் தட்டில் இருக்கும் பளபளப்பான தேனில் கிடைக்காத வாசம் இதில் இருக்கிறது என்பதுதான் காரணம், அது உண்மையும் கூட. சூடாக்காமல், நுண்வடிகட்டியால் வடிக்காமல், துணியில் மட்டும் வடித்து அடைத்த தேனில் மகரந்தமும் பூவின் மணமும் தங்கும். வேம்பும் நாவலும் பூத்த காலத்துத் தேனில் கடைசியில் ஒரு மெல்லிய கசப்பு நாக்கில் நிற்கும். ஒரு போத்தல் போல மறு போத்தல் இராது.

வாங்குகிற எல்லாரும் கேட்கும் கேள்வி "கலப்படம் இல்லைத்தானே?" என்பது. அதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் ஊர்த் தேன் கெட்டுப்போனதாக வரும் முறைப்பாடுகளைப் பார்த்தால் (நுரைத்தது, புளித்தது, மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது) அவற்றில் பல சீனிப்பாணியால் வந்தவை அல்ல. முற்றாத வதையிலிருந்து (தேனடையிலிருந்து) எடுத்த, ஈரம் கூடிய, நூற்றுக்கு நூறு உண்மைத் தேன் அது. கலப்படம் மட்டுமல்ல, ஈரமும் ஏமாற்றும்.

காலத்தில் தொடங்குவோம். வாடைக்காற்றும் மழையும் கார்த்திகை, மார்கழி, தையில். அந்த மாதங்களில் பூவும் குறைவு, காற்றில் ஈரமும் அதிகம். தேனீ பூவிலிருந்து கொண்டுவரும் மதுவில் பெரும்பகுதி தண்ணீர். அதைச் சிறகடித்து வற்றவைத்து, போதிய அளவு தடித்த பிறகுதான் அறையை மெழுகால் மூடும். ஈரக்காற்றில் அது நடக்காது. சோழகமும் கச்சானும் வீசும் வறண்ட மாதங்களில் வதை நன்றாக முற்றும். வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை எடுக்கும் தேன்தான் இந்தப் பக்கத்தில் நம்பி வாங்கக்கூடியது. பள்ளி விடுமுறைக்கு யூலை, ஓகஸ்டில் வருகிறவர்களுக்கு அது வசதி. மார்கழி விடுமுறைக்கு வருகிறவர்கள் அந்த ஆண்டு ஆடியில் எடுத்து வைத்த தேனைக் கேட்டு வாங்குவதே புத்தி. "இப்பதான் எடுத்தது, புதுசு" என்று மழைக்குள் யாராவது நீட்டினால் அது பெருமைக்குரிய செய்தி அல்ல.

திருமலையில் தேன் என்றால் ஒரே பொருள் இல்லை. உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் ஒற்றை வதையாகத் தொங்குவது மலைத்தேனீயின் கூடு. பெரிய கூடு, அதிகத் தேன், இந்த ஈயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. மரப்பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காக வதை கட்டுவது பொந்துத் தேனீ, பெட்டிக்கு வருவது இதுதான். சின்னக் கிளையில் உள்ளங்கை அளவு வதை வைப்பது கொம்புத் தேனீ, அதில் கிடைப்பது சில நூறு கிராம். சுவர் வெடிப்பில் பிசினும் மெழுகும் கலந்து சிறு குடுவைகளாகக் கட்டும் கொசுத்தேனீயின் தேன் புளிப்பானது, இயல்பிலேயே நீர் கூடியது, மிகக் கொஞ்சமாகக் கிடைப்பது. மருந்துக்கென்று அதற்குத் தனி விலை சொல்வார்கள். அப்படியிருக்க "கொசுத்தேன்" என்று முழுப் போத்தல் கணக்கில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தால், அத்தனை தேனுக்கு எத்தனை கூடு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

யாரிடம் வாங்குவது? பெட்டி வைத்திருப்பவர்களைக் கண்டுபிடிக்க நேரான வழி அந்தப் பகுதிக் கமநல சேவை நிலையமும் விவசாயப் போதனாசிரியரும். எந்த வீட்டில் பெட்டி இருக்கிறது, யார் ஒழுங்காகச் செய்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். காட்டுத் தேன் வேண்டுமானால் மூதூர், வெருகல் பக்கம். அங்குள்ள கரையோர வேடர் குடும்பங்களுக்குத் தேன் எடுப்பது வழிவழி வந்த தொழில். 2009இல் கிண்ணியாப் பாலமும் பின்னர் அந்த வீதியின் மற்றப் பாலங்களும் திறந்த பிறகு மூதூர்ப் பயணம் பாதைப்படகுக்குக் காத்திருக்கும் பயணமாக இல்லை. வெருகல் முருகனைக் கும்பிடப் போகிறவர்கள் அதே வழியில் விசாரிக்கலாம். கிண்ணியா, மூதூர்த் தயிர்க்காரரிடம் கேட்டாலும் வழி கிடைக்கும். "நானா, இங்க ஆர் நல்ல தேன் வச்சிருக்காங்க?" என்றால் மாடு கட்டும் பக்கமே ஆளைக் காட்டிவிடுவார்கள். கந்தளாய், ஹபரணை வழியே கொழும்புக்குப் போகும் வீதியோரக் கடைகளில் வெயிலில் நிரை கட்டி நிற்கும் போத்தல்களைத் தவிர்ப்பது நல்லது. உள்ளே இருப்பது நல்ல தேனாகவே இருந்தாலும், நாள் முழுக்க வெயில் குடித்த தேனில் நாம் தேடி வந்த வாசம் போயிருக்கும், நிறம் கறுத்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும்: "எங்களையும் காட்டுக்குக் கூட்டிப் போங்கோ" என்று காசு நீட்டுவது வேண்டாம். ஒதுக்கக் காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் அனுமதியின்றி நுழைவது குற்றம். யானையும் கரடியும் அங்கேதான். வறண்ட மாதத்தில் புகைப்பந்தம் தவறினால் காடே எரியும்.

பெட்டிக்காரர் தேன் எடுப்பதை நேரில் பார்க்க முடிந்தால் பாருங்கள், தரம் தீர்மானமாவது அங்கேதான். பெட்டியின் கீழ் அறை தேனீக் குஞ்சுக்கு, மேல் அறை தேனுக்கு. மேல் அறையில் வதை கட்டிய சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் வதையின் முகத்தில் முக்கால் பங்குக்கு மேல் மெழுகு மூடியிருக்க வேண்டும். மூடாத பகுதியைக் கீழ்நோக்கி ஒரு உதறு உதறினால் துளி சிதறக் கூடாது. சிதறினால் அந்தச் சட்டம் திரும்பப் பெட்டிக்குள் போக வேண்டும், அடுத்த கிழமை பார்க்கலாம். மூடியைச் சீவும் கத்தியைச் சுடுநீரில் நனைத்தால் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும், சொட்டும் நீர் தேனுக்குள்தான் போகும். சுழற்றும் இயந்திரத்தை முதலில் மெதுவாக, பாதித் தேன் வந்ததும் சட்டத்தைத் திருப்பி, பிறகு முழுவதும் சுழற்றுவார்கள். எடுத்த எடுப்பில் வேகமாகச் சுற்றினால் பாரத்தில் வதை உடைந்து விழும். துணியில் வடித்து, மூடிய பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டால் மெழுகுத் துகளும் காற்றும் மேலே வரும். அதை வழித்தெடுத்த பின் போத்தலில் அடைக்க வேண்டும்.

காட்டுத் தேன் இப்படி வருவதில்லை. வதையை அறுத்து வாளியில் போட்டுக் கையால் பிழிவதே வழக்கம். அதில் மகரந்தம் அதிகம், மணமும் அதிகம். குஞ்சுப் பகுதியை முதலில் அறுத்து நீக்காமல் சேர்த்துப் பிழிந்தால் புழுச்சாறும் கலந்து கலங்கலாகி விரைவில் புளிக்கும். தெரிந்த ஆட்கள் தேன் பாகத்தைத் தனியாக வெட்டி, பிழியாமல் துணியில் தொங்கவிட்டு வடிய விடுவார்கள். அந்தத் தேனுக்குக் கூடக் கேட்டால் கொடுக்கலாம், தகும்.

ஆக, வாங்கும்போது கேட்க வேண்டியது: "அண்ணை, எந்த மாசம் எடுத்தது? வதை மூடியிருந்ததோ? பிழிஞ்சதோ, வடிய விட்டதோ?" பெட்டித் தேன் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: "சீனித்தண்ணி கடைசியா எப்ப வச்சனீங்க?" மழைக்காலத்தில் பூ இல்லாதபோது பெட்டிக்குச் சீனித்தண்ணீர் வைப்பது குற்றமில்லை, வைக்காவிட்டால் ஈ கூட்டை விட்டுப் போய்விடும். வைத்த கையோடு தேன் எடுத்தால்தான் பிழை. இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் மாதம் சொல்லிப் பதில் தருகிறவர் தொழில் தெரிந்தவர். "நாங்கள் சீனி வைக்கிறதே இல்லை" என்று சத்தியம் செய்கிறவரை விட நான் இவரைத்தான் நம்புவேன்.

தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, நகத்தில் துளி வைப்பது, தீக்குச்சி பற்றவைப்பது, எறும்பு வருகிறதா என்று காத்திருப்பது: இவை எதுவும் சோதனை இல்லை. கெட்டியாகக் காய்ச்சிய சீனிப்பாகும் தண்ணீரில் அடிக்குத்தான் போகும். எறும்பு நல்ல தேனுக்கும் வரும். நீர் கூடிய உண்மைத் தேன் நகத்தில் பரவித் தோற்றுவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது தராசுக் கணக்கு. சமையல் தராசில் வெறும் போத்தலை நிறுங்கள். ஒரு அளவுக்கோடு போட்டு அதுவரை தண்ணீர் விட்டு நிறுங்கள். நன்றாகக் காயவைத்து அதே கோடுவரை தேன் விட்டு நிறுங்கள். போத்தல் நிறையைக் கழித்துவிட்டு, தேன் நிறையைத் தண்ணீர் நிறையால் வகுத்தால் 1.40 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். அதாவது ஒரு முழுப் போத்தல், 750 மில்லிலீற்றர் தேன் குறைந்தது 1050 கிராம். 1.37க்கு இறங்கினால் நீர் ஏறத்தாழ 25 வீதம், அது புளிக்கப் போகிற தேன். அறை வெப்பத்தில் கரையும் அளவுக்குச் சீனி கரைத்த பாணி ஏறத்தாழ 1.33, ஒரு கிலோவோடு நின்றுவிடும். கெட்டியான குளுக்கோஸ் பாகைத் தராசு பிடிக்காது, அதற்கு ஆய்வுகூடம்தான்.

அடிக்கடி வாங்குகிறவர்கள் தேனின் நீர் வீதத்தை ஒளியால் அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றர் ஒன்றைக் கையோடு கொண்டுவரலாம், பேனாப் பெட்டி அளவுதான். கண்ணாடியில் ஒரு துளி வைத்து மூடியை அமர்த்தி வெளிச்சத்தைப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் நீர் வீதம் தெரியும். நுரையிலிருந்து துளி எடுத்தால் கோடு மங்கும், அடியில் உறைந்த மணி இருந்தால் அளவு பிழைக்கும். கலக்கிவிட்டு நடுவிலிருந்து எடுங்கள். தானே வெப்பத்தைத் திருத்தும் கருவிகளும் பெரும்பாலும் 30 பாகை செல்சியஸ் வரைதான் சரியாகச் செய்யும், ஆகவே திருமலை மதியத்தில் பார்க்காமல் காலையில் பாருங்கள். கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரம் 20 வீதத்துக்கு மேல் நீர் கூடாது என்கிறது. பொந்துத் தேனீயின் தேன் வெப்பநாடுகளில் 21, 22 என்று நிற்பது சாதாரணம். ஊரில் வைத்துச் சில மாதத்துக்குள் சாப்பிட அது போதும். வெளிநாட்டுக்கு என்றால் 20க்குள் தேடுங்கள்.

ஈரம் கூடிய தேனை அடுப்பில் காய்ச்சித் தடிப்பாக்கித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். நிறம் கறுத்து, கருகிய சீனி வாசம் அடித்தால் அதுதான். அதற்குக் கடைத் தேனே மேல்.

போத்தல் விஷயத்தில் ஊரில் கவனம் குறைவு. சாராயப் போத்தலைக் கழுவி, உள்ளே ஈரம் காயுமுன் தேன் விடுவது வழமை. அடியில் கிடக்கும் அந்தக் கொஞ்சத் தண்ணீர் தேனின் மேல்பரப்புக்கு வந்து அங்கிருந்து புளிப்பைத் தொடங்கும். காய்ந்த புதுப் போத்தலை நீங்களே கொண்டு போய்க் கொடுங்கள். இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்பி, வாய்க்கு மெல்லிய பிளாஸ்ரிக் தாள் வைத்து மூடி, இரட்டைப் பைக்குள் போட்டுத் துணிகளுக்கு நடுவே வையுங்கள். விளிம்புவரை நிரப்பினால் பயணத்தில் கசியக்கூடும். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள், அங்கே தேனும் திரவக் கணக்குத்தான்.

எல்லையில் பிடிபடுவது இன்னொரு கதை. பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஆளுக்கு 2 கிலோ. முழுப் போத்தல் இரண்டு என்றால் 2.1 கிலோ வந்துவிடும், ஆகவே ஆளுக்கு ஒரு முழுப் போத்தலும் ஒரு அரைப் போத்தலும். அவுஸ்திரேலியாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டும், மேற்கு அவுஸ்திரேலியாவுக்குத் தேன் கொண்டு போகவே கூடாது. நியூசிலாந்து உறவுகளுக்குத் தேன் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். எந்த நாட்டுக்கானாலும் வதைத் துண்டோ செத்த ஈயோ உள்ளே மிதக்கக் கூடாது. விதி மாறக்கூடியது, புறப்படுமுன் அந்தந்த நாட்டு அரச இணையத்தளத்தை ஒருமுறை பாருங்கள்.

ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தடவும் வழக்கம் உள்ள வீடுகளில் இதைச் சொல்லத்தான் வேண்டும். குழந்தைக் குடலில் பொட்டுலிசம் கிருமியின் வித்து முளைத்து நஞ்சு சுரக்கும், சூடாக்கினாலும் அந்த வித்து சாகாது. காட்டுத் தேன் என்பதற்காக நீரிழிவுக்காரர் தாராளமாகச் சாப்பிடலாம் என்றில்லை, அதிலும் ஐந்தில் நாலு பங்கு சீனிதான்.

குளிர்நாட்டில் தேன் உறையும். 14 பாகை அளவில் மிக விரைவாக உறையும். உடனே "சீனி கலந்திருக்கு" என்று ஊருக்குப் போன் எடுக்காதீர்கள், நல்ல தேனும் உறையும். 40 பாகைக்கு மேற்படாத சுடுநீரில் போத்தலை நிறுத்தி, நீர் ஆற ஆற மாற்றினால் இளகும். மைக்ரோவேவ் வேண்டாம். அடி உறைந்து மேலே தண்ணீர்போல் ஒரு படை நின்றால் அந்தப் படையில்தான் புளிப்பு முதலில் பிடிக்கும். இளக்கிக் கலக்கி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அந்தப் போத்தலை முதலில் முடித்துவிடுங்கள்.